மூன்றாவது பொசிஷன்

மெரூன் நிறக் கம்பளி நூலில் பின்னிய ஓர் உறை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு சாண் நீளம்; இரு முனைகளும் திறந்தவை. முதன்முறை பார்க்கிறவர்கள் அதைக் குழந்தையின் காலுறை என்று எண்ணிப் பாதத்தைத் தேடுவார்கள். அது காலுக்கானதன்று, தலைக்கானது. மார்கழி மாதத்துக் கொடைக்கானலில், பனி விலகாத காலையில், தொலைபேசி நிலையத்துக்குள் நுழைந்து ஹெட்போனை எடுத்து மாட்டும்போது அதன் இரும்புப் பட்டை உச்சந்தலையில் வைக்கும் குளிரை அறிந்தவர்களுக்கு, அந்தப் பட்டைமேல் மாட்டிய இந்த உறையின் அருமை தெரியும். அதைப் பின்னியவர் என் மதினி, அதாவது என் அண்ணனின் மனைவி. எனக்கு மட்டுமே மதினியாக இருக்க வேண்டியவர், பின்னாளில் அந்த மலைக்கே மதினியானார்.

வத்தலக்குண்டிலிருந்து மணமாகி மலையேறி வந்தபோது அவர் பள்ளியிறுதி வகுப்புத் தேறியிருந்தார். அண்ணனுக்குப் பேருந்துக் கம்பெனியின் டிக்கெட் அறையில் வேலை. ஏரிக்கு மேலே ஒரு சரிவில் எங்கள் வீடு. தொலைபேசி நிலையத்துக்குப் பெண்கள் தேவை என்று தெரிந்ததும் மனுப்போட்டு, நேர்காணலுக்குப் போய், வேலை வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் எங்கள் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. அண்ணனுக்கு முன்பே தெரியும் என்பதை இருவரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிப்படிப்பு முடிந்து சில ஆண்டுகளில் நானும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். நான் அவரை மதினி என்று கூப்பிட, மற்றப் பெண்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். அவரைவிட வயதில் பெரியவரான இரவுப்பணிக்காரர்கூட அவரை மதினி என்றுதான் அழைத்தார். அந்த இரவுப்பணிக்காரரை நாங்கள் நைட் அண்ணன் என்போம். வத்தலக்குண்டு நிலையத்தில் மறுமுனையில் இருந்த பெண், மதினியின் முகத்தையே பார்த்திராதவள், அவளும் "மதினி, லைன் குடுங்க" என்பாள்.

எங்கள் நிலையம் ஒரு நீண்ட அறை. சுவரோரமாக உயரமான மரப்பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். கீழே ஒரு தட்டில் கயிறு கோத்த பிளக்குகள். ஊரில் யாராவது தொலைபேசியை எடுத்தால் அவருடைய எண்ணுக்கு மேலிருக்கும் சிறு மூடி 'டப்' என்று விழும். நாங்கள் பிளக்கைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, வேண்டிய எண்ணோடு இணைப்போம். பலகையின் முன்னால் நான்கு நாற்காலிகள். அந்த இருக்கைகளைத்தான் நாங்கள் 'பொசிஷன்' என்று சொல்வோம். இரண்டு பொசிஷன்கள் உள்ளூருக்கு. நான்காவது விசாரணைக்கு, அதன் அருகில் கணப்பு இருந்ததால் அதற்குப் போட்டி அதிகம். மூன்றாவது, மலைக்குக் கீழேயுள்ள ஊர்களுக்குப் பேசும் டிரங்க் கால்களுக்கானது. சாளரத்தை ஒட்டி இருந்தது அது. மழைநாளில் கம்பியில் இரைச்சல். சீசன் நாளில் காத்திருப்போரின் வசவு. மூன்றாவதில் உட்கார்ந்து எழுந்தால் தொண்டை கட்டிவிடும் என்று பெண்கள் முறைபோட்டுத் தப்பிப்பார்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால், ஒரு படி உயர்த்திய மேடையில், சூப்பர்வைசரின் மேசை.

அந்த மேசைக்கு வந்தவர்கள் எல்லாரும் கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஆண்கள். வந்த நாளிலேயே திரும்பிப் போவதற்கான முயற்சியைத் தொடங்குவார்கள். காதில் மஃப்ளர் சுற்றியபடி, கணப்பைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இந்த ஊர்ல மனுசன் இருப்பானா" என்று ஓரிரு ஆண்டுகள் இருந்துவிட்டுப் போவார்கள். மலையில் பிறந்து வளர்ந்தவர்களில் யாரும் அந்த மேசையில் அமர்ந்ததில்லை. பெண் அமர்வது பற்றி யாரும் நினைத்ததுகூட இல்லை. மதினி நினைத்தார். அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. பதவி உயர்வு வேண்டுமென்றால் மற்றவர்கள் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போகலாம். அண்ணனையும் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த மகளையும் விட்டு அவர் போக முடியாது. மலையில் இருந்தது அந்த ஒரு மேசைதான்.

முதன்முறை அது காலியானபோது அவர் எதுவும் செய்யவில்லை. அதாவது, நல்ல பெண் என்ன செய்வாளோ அதைச் செய்தார். வெள்ளனே வந்தார், கடைசியாகப் போனார், ஒரு தவறும் நேராமல் பார்த்துக்கொண்டார், பெரியவர்கள் பார்த்துச் செய்வார்கள் என்று காத்திருந்தார். கீழேயிருந்து இன்னொரு மஃப்ளர் வந்தது. பழைய சூப்பர்வைசரை வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். நல்ல மனிதர் அவர். பெட்டியை மேலே ஏற்றியாயிற்று. மதினி மென்று விழுங்கி, "எனக்கு ஆகும்னு நெனச்சிருந்தேன் சார்" என்றார். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "உனக்கு அந்த நெனப்பு இருந்துச்சாம்மா? ஒரு வார்த்தை சொல்லலியே! நான்தான் எழுதி அனுப்புறவன். நீ வீடு, பிள்ளைன்னு இருக்கவ, எதுக்குத் தொந்தரவு பண்ணுவானேன்னு உன் பேரையே விட்டுட்டேன்." பேருந்து கிளம்பிவிட்டது. பெருமாள்மலைப் பக்கம் இறங்கும் வளைவில் அது மறையும்வரை மதினி பார்த்துக்கொண்டே நின்றார். அழுவார் என்று நினைத்தேன். "ஏத்தா, ஒரு வார்த்தையாம்ல! இத்தன வருசமா ஊருக்கெல்லாம் பேச்ச எடுத்துக் குடுக்கோம். நம்ம பேச்ச எடுத்துக் குடுக்க ஒரு நாதி இல்ல பாத்தியா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டார்.

மறுநாள் காலை, புதிய சூப்பர்வைசர் மஃப்ளரை அவிழ்த்து முடிப்பதற்குள் மதினி அவர் முன் போய் நின்றார். "சார், நீங்க மாத்தலாகிப் போறப்ப இந்த மேசைக்கு நான் வரணும்னு நெனைக்கேன். அதுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு சொல்லுங்க. இப்ப இருந்தே படிச்சுக்கறேன்." எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த நாளில் நான் நிறையப் படிப்பவள். பலகை ஓய்ந்திருக்கும் நேரங்களில் மடியில் புத்தகம் இருக்கும். நான் படித்த கதைகளின் நல்ல பெண்கள் எதையும் கேட்பதில்லை. அவர்களுக்குத் தகுதியானது தானாக அவர்களைத் தேடி வரும். மதினியோ ஒரு மனிதர் வந்து உட்கார்ந்த அன்றே அவர் எழுந்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் திகைத்து, பிறகு சிரித்து, "நான் போறதப் பத்தி என்னைவிட உனக்கு அவசரமா இருக்கே! ஆகட்டும்மா, ரெண்டு பேரும் சேந்தே முயற்சி பண்ணுவோம்" என்றார்.

மதினி அவரிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைத்தார். கம்பிப்பழுதைக் கண்டறியும் சோதனையையும் மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதையும் தனக்குப் பழக்க வேண்டும் என்பது ஒன்று. மூன்றாவது பொசிஷனை நிரந்தரமாகத் தனக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்டதும் மற்றப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நைட் அண்ணன் பணிமாறும் நேரத்தில் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டே, "என்ன மதினி, பெரிய மேசை மேல கண்ணு வெச்சிருக்கியாமே?" என்றார்.

"கண்ணு மட்டும் இல்லண்ணே. காதும்தான்."

"சீனியாரிட்டில உனக்கு முன்னால நான் ஒருத்தன் நிக்கேன், ஞாபகம் இருக்கட்டும்."

"நீங்க நிக்கலண்ணே, தூங்குறீங்க. பகல்ல வேல பாக்கச் சொன்னா நீங்க ஓடிரமாட்டீங்க?"

அவர் சிரித்தார். ஆனால் அவருக்கும் அந்த ஆசை இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

சாளரக்காற்றுக்காகத்தான் அந்த மெரூன் உறை பின்னப்பட்டது. கிறித்தவ மிஷன்காரர்களின் பழந்துணி விற்பனையில் வாங்கிய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து, அந்த நூலில் இரண்டு இரவுகளில் பின்னி முடித்தார். பிறகு மற்ற மூன்று பொசிஷன்களுக்கும் வேறு வேறு நிறத்தில் பின்னிக் கொடுத்தார். மெரூன் மட்டும் மூன்றாவதற்கு.

மூன்றாவதில் அவர் வேலை செய்த முறையை நினைக்கும்போது இன்றும் எனக்குச் சிரிப்பும் பெருமிதமும் ஒன்றாக வருகின்றன. மழைக்காலத்தில் கம்பியின் இரு முனையிலும் இருப்பவர்களுக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. நடுவில் இருக்கும் எங்களுக்கு இருவர் பேச்சும் ஓரளவு கேட்கும். அப்போது நாங்கள் ஒருவர் சொன்னதை மற்றவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சாரத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கழன்றுகொள்வார்கள். மதினி அப்படியே சொல்வார். கத்தமாட்டார்; குரலைத் தாழ்த்தி, சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுச் சொல்வார். இரைச்சலுக்கு அடியில் புகுந்து போகும் குரல் அது. ஒருநாள் மதுரையிலிருந்து ஒரு மண்டிக்காரர், எங்கள் ஊர் உருளைக்கிழங்கு வியாபாரியைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"'பாதி மூட்டை அழுகல். உன்னை நம்புனதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்'னு சொல்றாருங்க" என்றார் மதினி.

இந்த முனையிலிருந்து வியாபாரி ஏதோ கொதித்திருக்க வேண்டும். மதினி நிதானமாக, "இல்லீங்க, உங்களை இல்ல. அவரை அவரே அடிச்சுக்கணுமாங்க" என்றார். சற்றுப் பொறுத்து மதுரைப் பக்கம் திரும்பி, "'அப்ப அடிச்சுக்கச் சொல்லு'னு சொல்றாருங்க" என்றார். நாங்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். பிறகு மதினி, அதே குரலில், ஓர் எழுத்தும் பிசகாமல், "சிரிக்கிறாருங்க" என்று வியாபாரிக்குச் சொன்னார். அத்தோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது, "இப்படியா திட்டுறதையெல்லாம் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "சேக்கவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. நாம நடுவுல கெடக்குற கம்பி. கம்பிக்கு ஏது வெக்கம்? அந்த 'ங்க' மட்டும் நான் போட்டுக்கறது. அது என் சம்பளத்துல சேரும்" என்றார். அண்ணனிடம் சொன்னபோது அவர், "இங்க மட்டும் என்னவாம்? நேத்து பால்காரன் கதவத் தட்டுறான், இவ உள்ள இருந்துக்கிட்டு 'நம்பர் ப்ளீஸ்'ங்கறா. அவன் பயந்துபோய் 'ரெண்டு படி'ன்னுட்டான்" என்றார்.

இவ்வாறு இரண்டு மழைக்காலமும் இரண்டு சீசனும் கழிந்தன. மதினி தாம் செய்ததை மறைத்து வைக்கும் வகையைச் சேர்ந்தவர் அல்லர். பழுதைக் கண்டுபிடித்தால், "சார், இன்னைக்கு அதை நான் கண்டுபுடிச்சேன்" என்று மேசையருகே போய்ச் சொல்லிவிட்டு வருவார். சூப்பர்வைசர் விடுப்பில் போனால், "பொறுப்ப என் பேருக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், வாயால சொன்னா காத்தோட போயிரும்" என்பார். தற்பெருமை என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. அந்தக் காதில் விழாத பேச்சு இந்த மலையில் ஏது? "நான் செய்யாததச் சொன்னாத்தான் பெருமை. செஞ்சதச் சொன்னா அது கணக்கு" என்றார், பின்னலை நிறுத்தாமலே.

அந்தச் சூப்பர்வைசருக்கு மாற்றல் கிடைத்தபோது, சொன்ன சொல் தவறாமல் மதினியின் பெயரை எழுதி அனுப்பினார். நைட் அண்ணனின் பெயரும் போனது. தேர்ந்தெடுக்க மதுரையிலிருந்து கோட்ட அதிகாரி வருவதாக அறிவிப்பு வந்தது. அதிகாரிகளுக்கு எங்கள் நிலையத்தை ஆய்வு செய்யத் தோன்றுவது எப்போதும் மே மாதத்தில்தான், குடும்பத்தோடு வருவார்கள். அதிகாரி தங்கியிருந்த விடுதிக்கு நைட் அண்ணன் ஒரு கூடை பிளம்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தார். அது அந்நாளைய வழக்கம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அண்ணனும் ஒரு கூடைக்குச் சொல்லிவைத்திருந்தார். மதினி அதை வீட்டிலேயே இறக்கி, மகளுக்கும் எனக்கும் கொடுத்துவிட்டார். "நான் கேக்கப் போறது பழத்துக்கு மாத்து இல்ல" என்றார். ஆனால் அன்றிரவு அவர் தூங்கவில்லை என்பது, அடுத்த அறையில் படுத்திருந்த எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் விடை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேர்காணல் அந்த உயர்ந்த மேடையிலேயே நடந்தது. எங்களுக்குப் பின்னால் நடந்ததால், கைகள் பிளக்கை மாற்றிக்கொண்டிருக்க, காதுகளில் ஒன்று அங்கேயே இருந்தது. நைட் அண்ணன் முதலில் போய்வந்து சுவரோரமாக நின்றார். மதினியிடம் கம்பிப்பழுது பற்றிய கேள்விகள்; சரளமாகச் சொன்னார். அறிக்கை பற்றிய கேள்விகள். சற்றுத் தடுமாறிச் சொன்னார். பிறகு அதிகாரி, பேச்சை முடிக்கும் தோரணையில், ஆங்கிலத்தில் கேட்டார்: "வாட் பொசிஷன் டு யூ வாண்ட்?"

மதினி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "தேர்ட் பொசிஷன், சார்" என்றார்.

என் கையிலிருந்த பிளக் நழுவியது. எங்களில் எவளைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லுக்கு எங்கள் அறையில் நாற்காலி என்பதைத் தவிர வேறு பொருள் இருந்ததில்லை. அதிகாரி வியப்போடு, "அப்ப சூப்பர்வைசர் வேலை வேண்டாமா?" என்று தமிழுக்கு மாறினார். பேனாவின் மூடியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். சுவரோரமாக ஓர் இருமல் கேட்டது. நைட் அண்ணன் சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். மதினியின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. இரண்டு ஆண்டு உழைப்பு ஒரே ஒரு சொல்லில் சறுக்கி நிற்பது அவருக்குப் புரிந்துவிட்டது. 'மன்னிக்கணும் சார், தப்பாச் சொல்லிட்டேன்' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"வேணும் சார்" என்றார். குரல் தாழ்ந்து, நிதானமாக வந்தது, மழைநாளின் குரல். "சூப்பர்வைசர் வேலதான் வேணும். அதுக்குத்தான் ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா இந்த மேசைல உக்காந்து பாக்குற சூப்பர்வைசர் இல்ல. இங்கருந்து பாத்தா நாலு பேரு முதுகு தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. சண்டை, அவசரம், பழுது எல்லாம் மூணாவது பொசிஷன்ல வந்து விழுது. அது இங்க ஏறி வர்றதுக்குள்ள ஆறிப்போயிருது சார். மேசைய அங்கன போட்டுக்கணும். அதைத்தான் கேக்கேன்."

அதிகாரி எழுந்தார். மேடையிலிருந்து இறங்கி வந்து, காலியாகக் கிடந்த மூன்றாவது பொசிஷனில் உட்கார்ந்தார். மெரூன் உறை போட்ட ஹெட்போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துத் தலையில் மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வத்தலக்குண்டின் மூடி விழுந்தது. மதினி கையை நீட்டிப் பிளக்கைச் செருகினார். மறுமுனையில் என்ன கேட்டது என்பது எங்களுக்குத் தெரியாது. மதுரைக் கோட்டத்தின் அதிகாரி மிகுந்த பணிவோடு, "இன்னும் சாப்பிடலைங்க" என்று சொன்னதுதான் எங்களுக்குக் கேட்டது. பிறகுதான் தெரிந்தது: வத்தலக்குண்டுப் பெண் வழக்கம்போல, 'மதினி, இன்னைக்கு என்ன கொழம்பு?' என்று கேட்டிருக்கிறாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றாமல் அங்கேயே சிறிது நேரம் இருந்தார். மதுரையிலிருந்து ஒன்று, திண்டுக்கல்லிலிருந்து இரண்டு என மூடிகள் விழுந்துகொண்டே இருந்தன. மதினி அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி இணைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அதிகாரி மேடையைத் திரும்பிப் பார்த்தார். "சரி. அந்த மேசைய யாரு நகத்துறது?" என்று கேட்டார்.

"நீங்க சரின்னு சொன்னா நாங்களே நகத்திருவோம் சார். ரொம்ப வெயிட்டு இல்ல."

ஆணை மழை தொடங்கிய பிறகுதான் வந்தது. அது வரும்வரை நைட் அண்ணன் எங்களோடு அதிகம் பேசவில்லை. வந்த அன்று, பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றார். என் அண்ணனும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையை மேடையிலிருந்து இறக்கி, சாளரத்துக்கும் மூன்றாவது பொசிஷனுக்கும் நடுவில் போட்டார்கள். நைட் அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு, "சரியாக் கேட்டு வாங்குனவங்களப் பாத்திருக்கேன். தப்பாக் கேட்டு வாங்குன ஆளு நீ ஒருத்திதான் மதினி" என்றார். மதினி அவருக்கு ஒரு கிண்ணத்தில் பால்பாயசம் எடுத்துக் கொடுத்து, "பகல் டூட்டி வேணுமாண்ணே? இப்ப நான் குடுக்கலாம்" என்றார். "சோலியப் பாரு தாயி. எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு அவர் பாயசத்தை நின்றபடியே குடித்தார்.

மலையில் அந்த மேசையில் அமர்ந்த முதல் பெண் என் மதினி. மூன்றாவது பொசிஷனையும் அந்த மெரூன் உறையையும் அன்றே எனக்குக் கொடுத்துவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் மதுரையில் நான் பதவி உயர்வுக்காக ஓர் அதிகாரியின் முன் நின்று, என் வாயால், என் பெயரைச் சொல்லிக் கேட்டேன். என் தோழிகள் என் துணிவை வியந்தார்கள். எனக்கு அது துணிவாகவே தோன்றவில்லை. வீட்டு வழக்கமாகத் தோன்றியது.

இப்போது அந்தப் பலகை இல்லை. எண்ணைக் கேட்க நடுவில் ஒரு குரல் யாருக்கும் தேவைப்படுவதில்லை. மதினி அதே சரிவு வீட்டில் இருக்கிறார். மலையின் பேச்சையெல்லாம் கேட்ட காதுகள் ஓய்ந்துவிட்டன. கைபேசியில் பேசுவது அவருக்குப் பிடிபடுவதில்லை. கோடையில் நான் அங்கே போய்த் தங்கும்போது, சென்னையிலிருந்து அவர் மகள் பேசினால், கைபேசியை என் காதில் வைத்துக்கொண்டு, அவருடைய நல்ல காதின் அருகில் குனிந்து நான் திருப்பிச் சொல்வேன். சென்ற முறை குளிருக்காக அந்த உறையைக் கொண்டுபோயிருந்தேன். மதினி அதை வாங்கிக் கைபேசிக்கு மாட்டிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

"ஆபீஸ்ல பெரிய போஸ்ட் ஒண்ணு காலியாகுது அத்தை" என்றாள் மகள். சொன்னேன்.

"கேட்டாளான்னு கேளு" என்றார் மதினி.

"கேட்டியான்னு கேக்காங்க."

"எப்படி அத்தை நானாப் போய்க் கேக்குறது? ஒரு மாதிரியா இருக்கு. அவங்களே பாத்துக் குடுத்தாத்தான் மரியாதை."

அதையும் சொன்னேன். மதினி எழுந்து உட்கார்ந்தார். சாளரத்துக்கு வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது. "ஏ கழுதை, வாயத் தொறந்து கேளு, தப்பாக் கேட்டாலும் பரவாயில்ல, கேளுன்னு சொல்லு" என்றார்.

நான் குரலைத் தாழ்த்தி, சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, "'ஏ கழுதை, வாயத் தொறந்து கேளு, தப்பாக் கேட்டாலும் பரவாயில்ல, கேளு'ன்னு சொல்றாங்க" என்றேன்.

மறுமுனையிலிருந்து ஒரு சத்தம்.

மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறாங்க" என்றேன். சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. அந்த 'ங்க' மட்டும் என்னுடையது.